கீரைப் பாத்தியில் பக்கத்து வீட்டுப் பூனை: ஒரு நிகழ்வு ஆய்வு

சென்னைப் புறநகரில் அடுத்தடுத்து இரண்டு தனி வீடுகள், நடுவே ஐந்தடி மதில். ஒரு வீட்டில் பத்தடி நீளம், நாலடி அகலத்தில் ஒரு கீரைப் பாத்தி. அதன் ஓரத்தில் கொத்தமல்லியும் புதினாவும், மதிலடியில் பத்துப் பன்னிரண்டு தொட்டிச் செடிகள். மறு வீட்டில் காம்பவுண்டு முழுக்கச் சிமெண்ட் தளம், கார் நிறுத்த இடம், ஒரு துளசி மாடம். பூனை இருப்பது அந்த வீட்டில். தாம்பரம், ஆவடி, போரூர் என்று எந்தப் பக்கம் போனாலும் இதே அமைப்பைப் பார்க்கலாம். இங்கே சொல்வது ஒரே வீட்டில் நடந்தது அல்ல. பல வீடுகளில் ஒன்றுபோலவே நடப்பதைச் சேர்த்து ஒரு நிகழ்வாக எழுதியிருக்கிறோம்.

புகார் எப்போதும் விதைப்பில்தான் தொடங்குகிறது. பாத்தியைக் கொத்தி, கட்டி உடைத்து, எரு கலந்து, மட்டம் செய்து, கீரை விதையை மணலோடு கலந்து தூவுவார்கள். மறுநாள் காலையில் நாலைந்து இடத்தில் குழி பறிக்கப்பட்டிருக்கும். ஒரு குழி மூடியிருக்கும், கிளறினால் நாற்றம் வரும். விதை ஒரு பக்கமாகக் குவிந்து முளைக்கும், மறுபக்கம் வழுக்கையாகக் கிடக்கும். மறுபடி விதைத்தாலும் இதே கதிதான்.

முதலில், பூனைதானா?

பழியைப் பக்கத்து வீட்டின்மேல் போடுவதற்கு முன் இதை உறுதி செய்யாவிட்டால், வீணாக உறவு கெடும். பெருச்சாளி தோண்டினால் வளை ஆழமாகப் போகும், வாயில் மண் குவிந்திருக்கும். மரநாய் மலத்தை மண்ணுக்குள் மறைக்காது. மதில் மேலும் மொட்டை மாடியிலும் வெளிப்படையாகவே போட்டுவிட்டுப் போகும், அதில் பழக்கொட்டைகள் முழுசாகத் தெரியும். புறநகரில் மரநாய் நிறைய உண்டு. இரவில் ஓட்டின்மேல் ஓடும் சத்தத்தைப் பலர் பூனை என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் கீழ் பாதுகாக்கப்பட்ட விலங்கு என்பதால் பிடிக்கவோ அடிக்கவோ கூடாது. பூனை ஆழமில்லாத குழி பறித்து, உள்ளே மலம் கழித்துவிட்டு, முன்னங்காலால் மண்ணை இழுத்து மூடும்.

சந்தேகம் இருந்தால் பாத்தி ஓரத்தில் ஓரடி அகலத்துக்குச் சலித்த மணலைப் பரப்பி, கையால் நீவி மட்டம் செய்துவிட்டு விடியும்வரை விடுங்கள். பூனையின் தடம் உருண்டையாக, நான்கு விரலோடு, நகக்குறி இல்லாமல் பதியும். மரநாய்க்கும் கீரிக்கும் ஐந்து விரல். எந்தப் பூனை என்பது தடத்தில் தெரியாது. அதற்குக் கண்ணால் பார்க்க வேண்டும், அல்லது கைபேசிக் கேமராவை ஜன்னலில் வைக்க வேண்டும். ‘பக்கத்து வீட்டுப் பூனை’ என்று நினைத்தது மூன்று தெருப்பூனைகளாக முடிவது சாதாரணம்.

ஏன் அந்தப் பாத்தி?

பூனைக்கு வேண்டியது உலர்ந்த, பொலபொலப்பான, காலால் எளிதில் தோண்டக்கூடிய மண். மேலே சொன்ன இரண்டு காம்பவுண்டையும் சேர்த்துப் பார்த்தால் அப்படிப்பட்ட மண் அந்த நாற்பது சதுர அடியில் மட்டும்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் சிமெண்ட். இந்த நிகழ்வின் மொத்தக் காரணமும் இதுதான், தீர்வும் இங்கிருந்துதான் வர வேண்டும். பூனைக்குப் போக வேறு இடம் இல்லாதவரை, விரட்டுவதெல்லாம் அதைப் பாத்தியிலிருந்து தொட்டிக்கும், தொட்டியிலிருந்து பாத்திக்கும் மாற்றிவிடுவதோடு நிற்கும்.

தோட்டக்காரர்கள் தெரியாமலேயே அழைப்பு வைப்பதும் உண்டு. தேங்காய் நார்க்கழிவு அதிகம் கலந்த மண் காய்ந்தால் பூனைக்குக் கடையில் விற்கும் மணலைவிட வசதியாகிவிடுகிறது. மீன் கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவது, மீன் கழிவும் நாட்டுச்சர்க்கரையும் சம அளவில் ஊறவைத்த மீன் அமிலத்தைத் தெளிப்பது, எலும்புத்தூள் இடுவது ஆகிய எல்லாமே பூனையை மோப்பம் பிடிக்க வைக்கும். உணவு தேடித் தோண்டும் பூனை அங்கேயே மற்ற வேலையையும் முடித்துக்கொள்ளும். இந்தப் பாத்திக்கு மட்டும் மீன் அமிலத்தை நிறுத்தி, வேப்பம்புண்ணாக்குத் தூளைச் சதுர மீட்டருக்கு 100 கிராம் வீதம் மண்ணில் கலந்தால் போதும். இன்னொன்று, பூனைவணங்கி என்றும் சொல்லப்படும் குப்பைமேனி. களையெடுக்கும்போது இதை வேரோடு பிடுங்கிப் பாத்தி ஓரத்தில் போடுவோம். பிடுங்கிய வேரின் வாசம் பூனைகளை இழுத்துவந்து புரள வைக்கும். பிடுங்கிய கையோடு வெளியே அப்புறப்படுத்துங்கள்.

கட்டட வேலை நடக்கும் தெருவானால் வாசலில் கொட்டிய மணல் குவியலையும் கணக்கில் எடுக்க வேண்டும். அது இருக்கும்வரை பூனைகள் அங்கே போகும். குவியல் தீர்ந்த வாரத்தில் எல்லாம் உங்கள் பாத்திக்கு வரும். ‘திடீரென்று ஆரம்பித்தது’ என்று சொல்பவர்களில் பலருக்குக் காரணம் இதுவே.

செய்து பார்த்துத் தோற்பவை

மிளகாய்த்தூள் முதலில் வரும். ஒரு முறை தண்ணீர் விட்டால் கரைந்துவிடும். அதற்குள் பூனையின் பாதத்தில் ஒட்டி, அது நக்கும்போது வாயிலும் கண்ணிலும் எரியும். பலனும் இல்லை, கொடுமையும் ஆகிறது.

அந்துருண்டை அதைவிட மோசம். நாப்தலீன் பூனைக்கு நஞ்சு. குழந்தைகள் மிட்டாய் என்று எடுத்துவிடக்கூடிய பொருளைக் கீரைப் பாத்தியில் போடுவதே தவறு, மண்ணிலும் கலக்கும். ஃபினாயில் வகைகளில் உள்ள பீனால் சேர்மங்களைப் பூனையின் கல்லீரலால் சரியாகச் சிதைத்து வெளியேற்ற முடியாது. காலில் பட்டு நக்கினாலே உடம்பு கெடும். யூகலிப்டஸ் தைலமும் எலுமிச்சை எண்ணெயும் ‘இயற்கை’ என்பதால் பாதுகாப்பானவை என்று எண்ண வேண்டாம், அடர்த்தியான நிலையில் அவையும் பூனைக்கு நஞ்சே. அம்மோனியா வாடை வரும் எந்தச் சுத்திகரிப்பு நீர்மமும் சிறுநீர் வாடையைப் போலிருப்பதால் எதிர்விளைவைத் தரும்.

ஆரஞ்சுத் தோலும் காப்பிச் சக்கையும் தீங்கு குறைந்தவை. ஆனால் ஓரிரு நாளில் வாடை போய்விடும், பிறகு எறும்பும் பூஞ்சணமும்தான் மிச்சம்.

மதில் மேல் கண்ணாடிச் சில்லு பதிப்பது இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. பூனை அதன் இடுக்கில் கால் வைத்து நிதானமாக நடக்கும். கை வைத்து வெட்டுப்படுவது பெரும்பாலும் மனிதர்கள்தான். ஐந்தடி மதில் பூனைக்கு ஒரு தாவல் தூரம். கேட்டுக்கு அடியில் நாலு அங்குல இடைவெளி இருந்தால் தாவக்கூடத் தேவையில்லை. ஆகவே காம்பவுண்டை அடைக்கும் எண்ணத்தை விட்டுவிட்டுப் பாத்தியை மட்டும் காப்பதே நடக்கக்கூடிய காரியம்.

நடமாட்டம் உணர்ந்து தண்ணீர் பீய்ச்சும் சென்சார் கருவி நல்ல யோசனைதான். ஆனால் அது கேட்கும் அழுத்தம் பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு பார். ஒரு மாடி வீட்டின் மேல்நிலைத் தொட்டி தரையிலிருந்து ஆறு மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைப்பது சுமார் 0.6 பார். தண்ணீர் பீய்ச்சாது, சொட்டும். மோட்டார் பம்போடு நேராக இணைத்திருக்கும் குழாய் இருந்தால் மட்டும் வாங்கலாம். மனிதக் காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பிப் பூனையை விரட்டும் மீயொலிக் கருவிகளைப் பற்றி, பறவைகளைப் பாதுகாக்க பிரிட்டனில் நடத்தி 2006-இல் வெளியிட்ட இரண்டு களச் சோதனைகள் உள்ளன. ஒன்றில் பூனை வருகை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, மற்றதில் வருகை குறையவில்லை. அந்தப் பணத்துக்குக் கம்பி வலை வாங்குவது மேல்.

கோணியில் கட்டிக் கொண்டுபோய் மார்க்கெட்டில் விட்டுவருவது பழைய வழக்கம். வளர்த்த பூனை திரும்பி வந்துவிடும், அல்லது பட்டினியில் சாகும். காலியான இடத்துக்கு வேறொரு பூனை வந்து சேரும். விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960-இன் 11-ஆவது பிரிவு, அடிப்பதையும் தீங்கான பொருள் கொடுப்பதையும் குற்றமாக்குகிறது. உரிமையாளரே பசியால் வாடும்படி கைவிடுவதும் அதில் அடங்கும். விஷம் வைத்துக் கொல்வதோ முடமாக்குவதோ பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆவது பிரிவின் கீழ் ஐந்தாண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். எலி மருந்தைத் தயிர்ச்சோற்றில் கலந்து வைப்பவர் இதைத் தெரிந்துகொண்டு வைப்பதில்லை.

இருக்கும் மலத்தை என்ன செய்வது

இங்கே அவசரம் தேவை, பீதி தேவையில்லை. பூனை மலத்தில் வரக்கூடிய டாக்சோபிளாஸ்மா கிருமி, பூனைக்கு முதன்முறை தொற்றிய பின் ஒன்று முதல் மூன்று வாரம் வெளிவரும். எல்லாப் பூனையிலும் எல்லா நாளும் இருக்காது. வெளிவந்தவுடன் அது தொற்றாது. தொற்றும் நிலைக்கு வர ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். அதன்பின் ஈர மண்ணில் மாதக்கணக்கில் பிழைத்திருக்கும். அதனால் 24 மணி நேரத்துக்குள் அகற்றுவதில் பெரிய பயன் இருக்கிறது. உருளைப்புழு முட்டை தொற்றும் நிலைக்கு வர வாரங்கள் ஆகும். கொக்கிப்புழுவின் இளம்புழு மணற்பாங்கான மண்ணில் வெறுங்காலில் ஏறித் தோலுக்குள் நெளிந்து அரிப்பை உண்டாக்கும். தோட்டத்தில் செருப்போடு நடங்கள். கர்ப்பிணிகள் இந்தப் பாத்தியில் கை வைக்கவே வேண்டாம்.

கையுறை போட்டு, கரண்டியால் மலத்தோடு சுற்றியுள்ள மண்ணையும் மூன்று அங்குல ஆழத்துக்கு எடுத்து, தாளில் சுற்றிப் பையில் கட்டிக் குப்பையில் போடலாம். புதைப்பதானால் கிணற்றுக்கும் காய்கறிக்கும் தள்ளி ஓரடி ஆழத்தில் புதையுங்கள். உரக்குழியில் மட்டும் போடாதீர்கள், வீட்டு உரக்குழியின் சூடு கிருமியைக் கொல்லும் என்று நம்ப முடியாது. பிளீச்சிங் பவுடர் அந்த டாக்சோபிளாஸ்மாவை அழிக்காது, கீரையைத்தான் கருக்கும். மலம் கிடந்த இடத்திலிருந்து ஓரடி தூரத்துக்குள் உள்ள கீரையைப் பிடுங்கி எறிந்துவிடுவது நல்லது.

மீதிக் கீரையைப் பல தண்ணீரில் அலசி நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம். சிக்கல் கொத்தமல்லியிலும் புதினாவிலும்தான், அவற்றைப் பச்சையாகச் சட்னிக்கு அரைக்கிறோம். அசுத்தமான பாத்தியில் ஒரு பருவத்துக்கு அவற்றையும் முள்ளங்கி, வெள்ளரி போன்றவற்றையும் தவிர்த்து, அவரை, புடலை, பீர்க்கு என்று பந்தலில் ஏறுபவற்றைப் போடுங்கள். காய் மண்ணைத் தொடாது, வேகவைத்தே உண்போம்.

மதிலில் வாடை அடித்தால் அது வேறு பிரச்சினை. கருத்தடை செய்யாத ஆண் பூனை நின்றபடி சுவரில் பீய்ச்சி எல்லை குறிக்கும். சோப்புத்தூள் கரைத்த தண்ணீரால் தேய்த்துக் கழுவி, வெறும் தண்ணீர் விட்டு அலசுங்கள். கருத்தடை செய்தால் பத்தில் ஒன்பது ஆண் பூனைகள் இதை நிறுத்திவிடும். பாத்தியில் மலம் கழிப்பது இதனால் நிற்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இரண்டையும் குழப்பி ஏமாறுபவர்கள் நிறைய.

பாத்தியைக் காப்பது

மலிவானதும் உறுதியானதும் தரைமேல் படுக்க வைக்கும் கம்பி வலை. ஹார்டுவேர் கடையில் சிக்கன் மெஷ் என்று கேட்டால் பூச்சு வேலைக்கான அரை அங்குலக் கண் வலையை எடுத்துத் தருவார்கள். அதில் கீரைத் தண்டு நெரிபடும். ஒரு அங்குலக் கண் வேண்டும் என்று சொல்லி வாங்குங்கள். நாலடி அகலச் சுருளில் பதினோரு அடி போதும், இரு முனையிலும் அரையடி மடிப்புக்கு. வெட்டிய முனைகளை உட்பக்கம் மடித்து விடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் கையே கிழியும். கடலோரத்தில் உப்புக்காற்றுக்குச் சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதால் அங்கே பிளாஸ்டிக் பூச்சுள்ள வலை.

விதை தூவி, மேலே மெல்லிய மண் போர்த்தி, தண்ணீர் தெளித்த பிறகு வலையை விரிக்க வேண்டும். எட்டு கேஜ் ஜி.ஐ. கம்பியை ஓரடித் துண்டுகளாக வெட்டி ‘ப’ வடிவில் வளைத்தால் வலையை மண்ணோடு குத்திப் பிடிக்கும் ஊசி தயார். சுற்றளவு 28 அடி, ஒன்றரை அடிக்கு ஒன்று என்றால் 19 ஊசி, நடுவில் நாலைந்து. கட்டுக்கம்பி மெல்லியது, வளைந்துவிடும். நார்க்கழிவு மிகுந்த மண்ணில் ஊசி பிடிக்காது, ஓரங்களில் செங்கல் வைத்து அழுத்துங்கள். வலை எங்காவது தொப்பையாகத் தூக்கியிருந்தால் அந்த இடத்தில் பூனை காலை நுழைத்துக் கிளறும். தரையோடு ஒட்டியிருப்பதுதான் இதில் முக்கியம்.

எந்தக் கீரை என்பதைப் பொறுத்து வலையின் முறை மாறும். அரைக்கீரையைக் கிள்ளி அறுப்போம், வலைக்கு மேலேயே அறுத்துக்கொண்டு போகலாம். சிறுகீரையும் முளைக்கீரையும் வேரோடு பிடுங்குபவை. வலை கிடந்தால் பிடுங்கும்போது தழை கிழிந்து, வலையும் கிளம்பி வரும். அவற்றுக்கு வலையைச் சவுக்குக் குச்சிச் சட்டத்தில் அடித்து, கட்டில்போலத் தூக்கி வைக்கும்படி இரண்டு ஐந்தடித் துண்டாகச் செய்யுங்கள். செடி நாலு விரற்கடை உயர்ந்து மண்ணை மூடிவிட்டால் பூனைக்கு அந்த இடம் பிடிக்காது, சட்டத்தை எடுத்துவிடலாம். முளைப்பு வரைக்கும் மட்டும் காவல் போதும் என்றால் தென்னங்கீற்று போர்த்தலாம். கீரை முளை தெரிந்த அன்றே மாலையில் எடுத்துவிட வேண்டும், தாமதித்தால் நாற்று வெளுத்து நீண்டு சாயும்.

பறவைகளுக்குப் போடும் நைலான் வலையைத் தரையில் தளர்வாக விரிக்காதீர்கள். சாரைப்பாம்பும் ஓணானும் அதில் சிக்கி, இறுகிச் சாகும். பூனையின் காலும் மாட்டும்.

தண்ணீர் விட்டு மண்ணை ஈரமாகவே வைத்திருந்தால் பூனை வராது என்பது உண்மை. ஆனால் கீரை நாற்று தினமும் இரவு முழுக்க ஈரத்தில் நின்றால் அடித்தண்டு அழுகிச் சாயும். வலை இருக்கும்போது இந்த ஆபத்தை ஏற்க வேண்டியதில்லை.

தொட்டிகளுக்குக் கூழாங்கல். பன்னிரண்டு அங்குல வாய் உள்ள தொட்டிக்கு ஒரு அங்குலக் கனத்தில் பரப்ப மூன்று கிலோ ஆகும். கல் வாங்க மனமில்லையென்றால் உடைத்த தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து அடுக்கலாம். நிமிர்த்தி வைத்தால் மழைநீர் தேங்கிக் கொசு வளரும்.

மதிலுக்கு அந்தப் பக்கம்

இது எளிதான பகுதி என்று நினைப்பவர்கள்தான் கெடுத்துக்கொள்கிறார்கள். மலத்தைப் பையில் கட்டிக் கொண்டுபோய் வாசலில் காட்டுவது, தெரு வாட்ஸ்அப் குழுவில் படம் போடுவது ஆகிய இரண்டுக்கும் பின் எந்தப் பேச்சும் நல்லபடி நடக்காது. குழந்தைகளும் விருந்தினரும் இல்லாத நேரத்தில், கோபம் இல்லாத ஒரு நாளில், கையில் கொஞ்சம் கீரையோடு போகலாம். “அக்கா, பாத்தியில பூனை தோண்டிட்டுப் போயிடுது. தெருப்பூனையும் வருது, உங்க வீட்டுதும் வருது, பார்த்தேன். அதுக்குப் போக மண்ணு வேற எங்கயும் இல்லை, பாவம். மாடிப்படிக்குக் கீழ ஒரு டப்புல மணல் போட்டு வைக்கலாமா? மணல் நான் தர்றேன்.” கேட்பது ஒரே ஒரு செயலாக இருக்க வேண்டும், அதில் பாதிச் சுமையை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். ‘பூனையை அடக்கி வையுங்கள்’ என்பது யாராலும் செய்ய முடியாத கோரிக்கை.

டப் இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒரு பக்கச் சுவர் நாலு அங்குலத்துக்கு மேல் போகாமல் வெட்டியது. மூன்று அங்குல ஆழத்துக்குச் சலித்த மணல் நிரப்ப முக்கால் கன அடி, முப்பது கிலோவுக்குச் சற்றுக் கூட. ஒரு பூனைக்கு இரண்டு டப், இரண்டு பூனைக்கு மூன்று. மழையும் வெயிலும் படாத, சோற்றுத் தட்டுக்குத் தள்ளிய, ஆள் போக்குவரத்துக் குறைந்த இடம். முதல் நாள் உங்கள் பாத்தியில் எடுத்த அசுத்த மண்ணில் ஒரு பிடியை மேலே போட்டுவிடுங்கள், பூனை தன் வாடையைத் தேடி வரும்.

இது தோற்பதற்கு வழக்கமான காரணம் சுத்தம் செய்யும் விதம். தினம் ஒருமுறை அள்ளாவிட்டால் பூனை மறுபடி மதில் தாண்டும். டப்பை ஃபினாயில் போட்டுக் கழுவினாலும் தாண்டும். சோப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவைத்தால் போதும். வாசனை மணலைப் பல பூனைகள் தொடுவதே இல்லை.

வலையும் டப்பும் ஒரே நாளில் வர வேண்டும். வலை மட்டும் போட்டால் பூனை புதினாவுக்குப் போகும். டப் மட்டும் வைத்தால் பழகிய பாத்தியை விடாது.

தெருப்பூனைகளுக்கு அந்த வீட்டில் சோறு வைக்கிறார்கள் என்றால், வைக்கும் இடத்தை மதிலுக்கு எதிர்ப்புறம், தெரு ஓரமாக மாற்றச் சொல்லலாம். எண்ணிக்கை பெருகாமல் இருக்கக் கருத்தடைதான் வழி, பூனையின் சினைக்காலம் ஒன்பது வாரம்தான். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியிலும், விலங்கு நல அமைப்பான புளூ கிராஸிலும் இதற்காக விசாரிக்கலாம். வளர்ப்புப் பூனைக்கு மாநகராட்சி உரிமம் உண்டு. அதற்கு வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று வேண்டும். இதை மிரட்டலாகச் சொல்லாமல், பூனையின் நலனுக்காகச் சொன்னால் கேட்பார்கள்.

ஐப்பசி மழையில் கவனம் மாற வேண்டும். நனைந்த பாத்தியைப் பூனை சீந்தாது. போர்டிகோவில், சன்ஷேடுக்குக் கீழே நனையாமல் இருக்கும் தொட்டிகளையும், பிரித்து வைத்த நார்க்கழிவு மூட்டையையும் தேடி வரும். மூட்டையை வாய் கட்டி வைத்து, அந்தத் தொட்டிகளுக்கு மழைக்கு முன்பே கல் பரப்பிவிடுங்கள். பக்கத்து வீட்டு டப்பில் சாரல் அடித்து மணல் நனைந்தால் அதே வாரம் பாத்தியில் குழி தெரியும். மாற்று மணல் ஒரு சாக்கு உலர்வாக இருப்பில் இருக்கட்டும். தை பிறந்து அடுத்த விதைப்புக்கு மண்ணைக் கொத்தும் அன்று வலையை மறுபடி எடுங்கள். வலையைக் கழற்றும்போது ஊசிகளை எண்ணிப் பார்த்து எடுக்க வேண்டும், மண்ணுக்குள் விட்டுப்போன ஒன்று மண்வெட்டியிலோ காலிலோ ஏறும்.